டில்லி மேட்டில் பின்னே ஏறிய காளை

எங்கள் மயிலான் ரயிலேறி டில்லிக்குப் போனான். அவனுக்குத் துணையாக நானும் போனேன். மல்லசமுத்திரத்தில் இதைத் தலைகீழாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ராமாயிக்கு டில்லி பார்க்க ஆசை வந்தது, மாட்டைச் சாக்கு வைத்துக்கொண்டாள் என்று பேச்சு. டில்லி கிழக்கே இருக்கிறதா வடக்கே இருக்கிறதா என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது. மயிலான் என் கையைத் தவிர வேறு கையில் தீனி தின்னமாட்டான். விஷயம் அவ்வளவுதான்.

மயிலான் எங்கள் வீட்டுப் பசு போட்ட காங்கேயம் காளை. கொம்பு இரண்டும் வளைந்து, நுனியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். திமிலும் கழுத்தும் மழைமேகக் கறுப்பு; முதுகும் வயிறும் சாம்பல் பூத்த வெள்ளை. அவசரம் என்பதே அவன் நடையில் கிடையாது. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமை பேசத்தான் இதைச் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் திருச்செங்கோட்டில் நடந்த மாட்டுக் காட்சிக்குச் சேலத்திலிருந்து மாட்டு டாக்டர் சண்முகவேல் வந்திருந்தார். சின்ன வயசுக்காரர், கால்சட்டையில் சாணி படாமல் நடக்கத் தெரியாதவர். அவர் மயிலானை மூன்று சுற்றுச் சுற்றி வந்து அளந்தார். தை மாதக் கடைசியில் டில்லியில் எல்லாச் சீமைகளிலிருந்தும் மாடுகளைக் கொண்டுவந்து பெரிய காட்சி வைக்கிறார்கள், சேலம் ஜில்லாவிலிருந்து இந்தக் காளை போகட்டும், ரயில் செலவு சர்க்காருடையது, கூட இரண்டு ஆள் போகலாம் என்றார். அங்கேயே அச்சடித்த ஒரு பாரத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் காளியண்ணன்தான் குடும்பத்தில் பெரியவர். அதனால் பாரத்தில் இருந்த கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். மாட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்றதற்குத் தம்பி பெயரைச் சொன்னார். மாட்டை வேலைக்குப் பழக்கியவர் யார் என்று ஒரு கேள்வி. அதற்குத் தன் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. நான் தவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன். போகாமலிருந்தால் அந்தக் கூடையை யார் தலையில் கவிழ்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மழை சுத்தமாகப் பொய்த்தது. கவலை ஏற்றம் ஓட்டினால்தான் தோட்டத்தில் பச்சை தெரியும் என்ற நிலை. கவலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றோரத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சரிவு வெட்டியிருக்கும். காளை இரண்டும் அந்தச் சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு, சால் என்கிற பெரிய வாளி தண்ணீரோடு மேலே வரும். ஓட்டுகிறவன் வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து தன் பாரத்தையும் கொடுப்பான். சால் தண்ணீரைக் கொட்டியதும் காளைகள் திரும்பாமல், அப்படியே பின்னுக்கு நடந்து சரிவேறி வரவேண்டும். பின்னால் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மாட்டுக்கு அது கண்ணில் படாது. ஓட்டுகிறவன் சொன்ன இடத்தில் நிற்கும். ஒரு முழம் தப்பினால் மாடும் ஆளும் கிணற்றுக்குள்தான்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் களை வெட்டலாம், கதிர் அறுக்கலாம், மடை திருப்பலாம். வடக்கயிற்றில் மட்டும் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் அந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று அர்த்தம். அந்த வருஷம் என் வீட்டில் ஆம்பிளை இருந்தார், ஆனால் விஷசுரத்தில் படுத்திருந்தார். கஞ்சித் தண்ணீரைக்கூட நான்தான் புகட்டினேன். பண்ணையாள் அங்கமுத்து பிழைப்புத் தேடி மேட்டூர்ப் பக்கம் போய்விட்டான். கவலை ஜோடியில் ஒரு எருது சப்பை நோயில் செத்துப்போனது. காளியண்ணன் வந்து பார்த்துவிட்டு, இந்த வருஷம் தோட்டத்தைக் காய விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

நான் காய விடவில்லை. மிஞ்சிய கிழட்டு எருதோடு, இரண்டரை வயசு மயிலானை நுகத்தில் பூட்டினேன். கோழி கூப்பிடும் நேரத்தில் ஆரம்பித்தால் ஊர் நடமாட்டம் வருவதற்குள் முடித்துவிடலாம். இறங்கும்போது மயிலான் ஓடி இறங்கினான். பின்னுக்கு ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தான். அவன்மேல் தப்பில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு யார்தான் நடப்பார்கள்? கடைசியில் நான் போய் அவனுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றேன். அவன் விழுவதென்றால் முதலில் நான் விழவேண்டும். அங்கே நின்றுகொண்டு நாக்கைச் சொடுக்கினேன். பத்து நாள் அப்படி நின்றேன். பதினோராம் நாள் நான் வடக்கயிற்றில் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்க, மயிலான் தானாகவே பின்னுக்கு ஏறி வந்தான். அன்றைக்குக் கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டரை மாதம் இறைத்தேன். சுற்றுவட்டாரத்தில் காளியண்ணன் தோட்டத்தை விட்டால் அந்த வருஷம் மிளகாய் எடுத்தது எங்கள் தோட்டம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் தோட்டத்தைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே அவருக்குப் பயம் வந்துவிட்டது. பொண்டாட்டியை வடக்கயிற்றில் உட்கார வைத்தவன் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும் என்றார். தன் தலையில் என் கையை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அண்ணன் ஆள் அனுப்பி இறைத்துக் கொடுத்தார் என்று ஊரில் சொன்னார். அண்ணனும் அந்தப் பெயரை வெற்றிலை வாங்குவதுபோல நிதானமாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்கு வேண்டும். என் வீட்டுக்காரர் தன் வாயால், நாலு பேர் நடுவில், ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அதைத் தவிர அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை.

டில்லிக்கு முதலில் காளியண்ணன்தான் போவதாக இருந்தது. ஒத்திகை பார்ப்பதற்காக ஒரு வாளி பருத்திக்கொட்டைக் கலவையை எடுத்துக்கொண்டு மயிலானிடம் போனார். போன வேகத்தைவிடத் திரும்பி வந்த வேகம் அதிகம். அதன் பிறகுதான் என் பெயர் வந்தது. ஆட்டையாம்பட்டி வழியாக மாட்டை நடத்திக்கொண்டு சூரமங்கலம் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தோம். சரக்கு மேடைக்கு ஏற ஒரு சரிவு இருந்தது. என் வீட்டுக்காரர் குமாஸ்தாவிடம் சீட்டைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மயிலானைச் சட்டென்று திருப்பி நிறுத்தி, பின்னுக்கு ஏற்றிவிட்டேன். ஏனென்றால் அவனைப் பற்றிய ஒரு சங்கதி எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஊர் உள்ளங்கைபோலச் சமதரை. மயிலானுக்குத் தெரிந்த மேடு கவலைச் சரிவு ஒன்றுதான். மேடு என்றால் பின்னுக்குத்தான் ஏற வேண்டும் என்று அவன் முடிவு செய்து வைத்திருந்தான். கவலையை விட்டு இரண்டு வருஷமாகியும் மறக்கவில்லை. சத்தியம் செய்தவள் நான். மயிலான் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

ஐந்து நாள் ரயில். கூட்ஸ் பெட்டியில் ஒரு பாதி மயிலானுக்கு, மறு பாதி எங்களுக்கு, சோளத்தட்டுக் கட்டுக்கு, தவிட்டு மூட்டைக்கு. புதுத் தண்ணீரை அவன் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்று எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு குடத்தில் வாய்கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷன் தண்ணீரிலும் அதில் ஒரு கை கலந்து வைத்தேன். வடக்கே போகப் போகக் குளிர் ஏறியது. டில்லியில் இறங்கியபோது வாயைத் திறந்தால் பச்சை விறகு அடுப்புபோலப் புகை வந்தது. எங்களிடம் இருந்தது ஒரே கம்பளி. அதை மயிலான் முதுகில் போர்த்திக் கட்டினேன். என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டே, அடுத்த பிறவியில் உன் வீட்டு மாடாகப் பிறக்கிறேன் என்றார். தீனி தின்கிற நல்ல மாடாகப் பிறந்து வாருங்கள் என்றேன்.

இறங்கிய இடம் பழைய டில்லி. சேலம் கடைவீதியைப் பத்து மடங்காக்கியதுபோல இரைச்சல். அதைத் தாண்டிப் புது டில்லிக்குள் நுழைந்ததும் யாரோ வாயைப் பொத்தியதுபோல எல்லாம் அடங்கிவிட்டது. ஆறு கட்டைவண்டி பக்கம் பக்கமாகப் போகலாம், அவ்வளவு அகலச் சாலை. அதில் ஒரு வண்டி இல்லை. தூரத்தில் ஒருவர் சைக்கிளில் போனார். அவரும் மணி அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மரங்கள். நான் அடி வைத்து அளந்து பார்த்தேன். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடைவெளி கொஞ்சமும் மாறவில்லை. மரத்துக்குப் பின்னால் வெள்ளை பங்களாக்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பூப்பாத்தி.

இந்த ஊர் தானாக வளர்ந்தது இல்லை, காகிதத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் இருபது வருஷம் கட்டினார்கள், முடிந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது என்று, ஜில்லா சார்பில் டில்லிக்கு வந்திருந்த சண்முகவேல் சொன்னார். அவரும் முதல் தடவை வருகிறவர்தான். ஆனாலும் தானே கட்டியதுபோலச் சொன்னார். எனக்கு ஒன்றும் மலைப்பாக இல்லை. நூல் பிடித்துப் பாத்தி கட்டி மிளகாய் நாற்று நட்டவளுக்குக் கோடு புதிதா? ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இவ்வளவு பெரிய பாத்தியை ஒரு வளைசல் இல்லாமல் பிடித்திருக்கிறார்களே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். நட்டவனின் கை நல்ல கை. நாற்றுத்தான் இன்னும் பிடிக்கவில்லை, அதாவது ஜனங்கள்.

காட்சி மைதானத்தில் வரிசையாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். மாட்டுக்குக் கால் மரத்துவிடக்கூடாது என்று காலையில் மயிலானை நடத்திக்கொண்டு ஊர் பார்க்கப் போவோம். ஆறு சாலை வந்து கூடுகிற வட்டங்கள் அந்த ஊரில் நிறைய உண்டு. எல்லா வட்டமும் ஒரே சாயல். முதல் நாள் ஒரு வட்டத்தை மூன்று தடவை சுற்றினோம், எந்தச் சாலையில் வந்தோம் என்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்தால் மட்டும் என்ன பாஷையில் கேட்பது? கடைசியில் மயிலான் வரும் வழியில் போட்ட சாணத்தை அடையாளம் வைத்துத்தான் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தோம். துடைத்து வைத்ததுபோல இருந்த அந்தச் சாலையில் அது ஒன்றுதான் ஊர் என்று சொல்லும்படியாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் புல் வளர்த்து ஒரு மாட்டையும் மேய விடாமல் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு பெரிய கல் வளைவுக்கு வந்தோம். அதன் சுவரெல்லாம் எழுத்து. சண்டையில் செத்த சிப்பாய்களின் பெயர், ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள் என்று சண்முகவேல் சொன்னார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். இத்தனை பெயரையும் யார் நின்று வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

"வாசிக்காட்டிப் போவுது. செஞ்சவுங்க பேரு எழுதியிருக்குதுங்களே, அது போதாதுங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மயிலானின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை மூடுபனி. நேர்கோடாகப் போகிற ராஜபாட்டையில் நடந்தோம். அதன் முடிவில் ஒரு மேடு. மேட்டின் மேல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இரண்டு சர்க்கார் கச்சேரி மாளிகைகள், நடுவில் தள்ளி, கவிழ்த்த அண்டாபோலக் கூரை வைத்த பெரிய வீடு. அந்தப் பெரிய வீட்டு துரைதான் இந்த தேசத்தை ஆள்கிறவராம். மேடு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் நான் தயங்கினேன். என் வீட்டுக்காரர் கவனிக்காமல் கயிற்றை இழுத்தார். மயிலான் நின்றான். நிதானமாகத் திரும்பினான். ஆளும் துரையின் வீட்டுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாகப் பின்னுக்கு வைத்து மேடேறத் தொடங்கினான்.

மேலே காவல் நின்ற சிப்பாய் முதலில் அதட்டினான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மாட்டுக்கு என்ன வந்துவிட்டது என்று பதறி அதன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது... கவலையிலயா?" என்றார்.

"அவனுக்குத் தெரிஞ்ச மேடு அது ஒண்ணுதானுங்க," என்றேன்.

காட்சி மைதானத்தில் மேடு ஒன்றும் இல்லையே, சமதரையில் நன்றாகத்தானே நடக்கிறான் என்று வழியெல்லாம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போட்டி நாளன்று காலையில் மைதானத்துக்குப் போனால், நடுவில் புதிதாக மண் கொட்டி மேடு போட்டிருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் நன்றாகத் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு காளையும் அதில் ஏறி நின்றுவிட்டு இறங்க வேண்டுமாம். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று சொன்னதால் நான் கயிற்று வேலிக்கு வெளியே நின்றேன். ஓங்கோல் காளை ஏறியது. மலையே நடந்ததுபோல இருந்தது. நல்லதை நல்லது என்றுதான் சொல்வேன். ஹரியானாக் காளை ஏறியது. அதன் பிறகு எங்கள் ஜில்லாப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மயிலான் மேட்டடிக்கு வந்தான், நின்றான், திரும்பினான், பின்னுக்கு ஏறினான்.

மைதானமே சிரித்தது. அவ்வளவு அமைதியான ஊருக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நரைத்த மீசை வெள்ளைக்காரர், இன்னொருவர் தலைப்பாகை வைத்த பஞ்சாபிக்காரர். பஞ்சாபிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார். காளை மிரள்கிறது, ஒழுங்காகப் பழக்காத மாடு, தள்ளிவிட வேண்டியதுதான் என்று சொன்னாராம். வெள்ளைக்காரர் சண்முகவேலிடம் ஒரு கேள்வி கேட்டார். சண்முகவேலுக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். பாரத்தைப் பார்த்தபடி என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"வெள்ளியங்கிரிக் கவுண்டரே, இந்த மாட்டைப் பழக்கினது யாருன்னு கேக்கறாங்க. காளியண்ணன்னு எழுதியிருக்கு. அவர் இதை எப்படிப் பழக்கினார்னு சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் மயிலானின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். பேசாமல் இருந்தால் மயிலானை வெளியே கொண்டுபோய்விடலாம், ஊருக்குப் போய் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் அவர் கையில்தான் இருந்தது. நான் வேலிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் போனால் இனி ஆயுசுக்கும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதியிருக்கறது பொய்யிங்க," என்றார். ஒருமுறை இருமிக்கொண்டார். பிறகு மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார். "பழக்குனது எங்கண்ணனில்லீங்க. என்ற ஊட்டுக்காரி ராமாயிங்க. நான் காயலாவுல கெடந்தப்ப ரெண்டரை மாசம் வடக்கயித்துல உக்காந்து கவலை ஓட்டுனவ அவதானுங்க. மாடு மிரண்டு பின்னால போவலீங்க. மேடு ஏறோணுமுன்னா இப்படித்தான் ஏறோணுமுன்னு அவ சொல்லிக் குடுத்திருக்கறா."

சண்முகவேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அதை இங்கிலீஷில் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு நேரம் எடுத்தது. வெள்ளைக்காரருக்குக் கவலை ஏற்றம் புரியவில்லை. கையை ஆட்டி என்னை உள்ளே வரச் சொன்னார்.

வேலிக்குள் குனிந்து நுழைந்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். மயிலானின் பிடிகயிற்றை வாங்கி அவன் கழுத்திலேயே போட்டுவிட்டேன். யார் கையிலும் கயிறு இல்லை. நான் மேட்டுக்குக் கீழே ஒதுங்கி நின்று, போ சாமி என்றேன். நேராக இறங்கி வந்தான். நாக்கைச் சொடுக்கினேன். பின்னுக்கு ஏறினான். நில் என்ற இடத்தில் நின்றான். மறுபடி இறங்கச் சொன்னேன், மறுபடி ஏற்றினேன். நாலு தடவை. நாலாவது தடவைக்குள் சிரிப்பெல்லாம் போய்ப் பழைய அமைதி வந்துவிட்டது.

வெள்ளைக்காரர் மேட்டுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். அவருடைய வயசுக்கு அது சுலபமாக இல்லை. புது மண்ணில் குளம்புத் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. இறங்கின தடத்தை விட்டு ஏறின தடம் விலகவில்லை. நாலு தடவை போய் வந்தும் அகலம் அதே அகலம்தான். பஞ்சாபிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பஞ்சாபிக்காரர் பார்த்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, என்னிடம் ஏதோ கேட்டார்.

சண்முகவேல் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியாத பக்கமா இவ்வளவு தைரியமா நடக்குதே, எதை நம்பி நடக்குதுன்னு கேக்கறார்."

"பின்னால நான் நிக்கறேன்னு நெனச்சுத்தானுங்க," என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் பரிசு ஓங்கோலுக்கு. இரண்டாவது எங்களுக்கு. அதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. பரிசு அட்டையை எழுத மேசைக்குப் போனபோது, என் வீட்டுக்காரர் எழுதுகிறவரின் கையைத் தடுத்து நிறுத்தினார். சண்முகவேலைக் கூப்பிட்டு, முதலில் பாரத்தில் இருக்கும் பெயரை அடிக்கச் சொன்னார். அவர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அந்த ஊர்ச் சாலைபோல நேரான கோடு. அதன் பிறகு அட்டையில் என் பெயரை இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழிலும் எழுதினார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்தின் உருவம் அன்றைக்கே மனசில் பதிந்துவிட்டது. இன்றைக்கும் மணலில் எழுதிக் காட்டுவேன்.

சூரமங்கலத்தில் காளியண்ணன் மாலையோடு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மேளம் வேறு. சரக்கு மேடையிலேயே அட்டையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். சண்முகவேல் வாசித்தார். பழக்கியவர் ராமாயி என்றதும் மேளக்காரர்களே கையை நிறுத்திவிட்டார்கள். காளியண்ணன் சிரித்தார். டில்லிக்காரன் தப்பாக எழுதிவிட்டான் போலிருக்கிறது என்றார்.

"தப்பில்லீங்கண்ணா. இத்தன நாளா நாமதான் தப்பாச் சொல்லிக்கிட்டிருந்தோம்," என்றார் என் வீட்டுக்காரர்.

காளியண்ணன் மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் மயிலானுக்கே போட்டார், தள்ளி நின்று, எட்டி. மயிலான் அதில் பாதியைத் தின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சந்தை நாள். எங்கள் கிணற்றையொட்டித்தான் சந்தைக்குப் போகிற வண்டிப்பாதை. பொழுது பனை உயரம் வந்துவிட்டது. கவலையில் மாடு பூட்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். மேட்டூரிலிருந்து திரும்பி வந்து கவலை ஓட்டிக்கொண்டிருந்த அங்கமுத்து அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் மயிலானையும் ஒரு எருதையும் பூட்டிவிட்டு, வடக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

"உக்காரு," என்றார்.

"ஏனுங்க, பட்டப்பகலுங்க. அல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான் பூட்டியிருக்கறேன்."

வடக்கயிற்றை என் கையில் கொடுத்தார். கிணற்றோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பாத்திக்கு மடை திருப்பப் போனார். எங்கள் ஊரில் அது பொம்பிளைகள் செய்கிற வேலை. பாதையில் முதல் வண்டி நின்றது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. நான் வடக்கயிற்றில் உட்கார்ந்து, போ சாமி என்றேன். மயிலான் இறங்கினான். சால் தண்ணீரைக் கொட்டியது. கீழே அவர் மடையைத் திறந்துவிட்டு, அடுத்த சாலுக்காக என்னை அண்ணாந்து பார்த்து நின்றார்.